கெட்டி மணல்

டேடோனா பீச்சில் காரோடு கடற்கரைக்குள் இறங்கலாம். சாலை முடிகிற இடத்தில் ஒரு சாவடி இருக்கிறது. காசைக் கட்டிவிட்டுச் சரிவில் வண்டியை விட்டால் அட்லாண்டிக் சமுத்திரம் பக்கத்திலேயே கூட வருகிறது. வேகம் மட்டும் மணிக்கு 10 மைலைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் அது 16 கிலோமீட்டர். சைக்கிளில் வந்த ஒரு பாட்டி எங்களை முந்திக்கொண்டு போனார். இதே மணலில்தான் 1935 மார்ச்சில் மால்கம் கேம்ப்பெல் என்ற ஆங்கிலேயர் மணிக்கு 276 மைல், அதாவது 445 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டினார்.

நான் கோயம்புத்தூரில் கார் பட்டறை வைத்திருந்தவன். மகளும் மருமகனும் ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு வருகிற பெற்றோரையெல்லாம் டிஸ்னிக்குக் கூட்டிப்போவது வழக்கம். எனக்கு மிக்கி எலியிடம் பேச ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் வடகிழக்கே போனால் டேடோனா என்று தெரிந்ததும், அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

சரிவில் இறங்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏனுங் மாப்பிள்ளை, டயர் பொதைஞ்சுக்காதுங்களா?"

"பொதையாதுங்க மாமா. தண்ணிப் பக்கமா ஓட்டுனா ரோடு மாதிரியே இருக்கும். மேட்டுப் பக்கம் ஒதுங்குனாத்தான் மாட்டிக்குவோம்."

அவர் சொன்னபடியேதான் இருந்தது. ஏன் என்று பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி ஒரு பிடி மணலை அள்ளினேன். கோலமாவு மாதிரி நைசு. அப்பலேச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக் கொண்டுவந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை, அலைகள் யுகயுகமாகத் தெற்கே தள்ளித் தள்ளி இங்கே சேர்த்திருக்கின்றன. கரையின் சரிவு மிகக் குறைவு. அதனால் கடல் வற்றும்போது நூறு மீட்டருக்கும் மேல் அகலமாக ஈர மணல் வெளிப்படுகிறது. உலர்ந்த மணலில் துகளுக்குத் துகள் பிடிப்பு இல்லை, டயர் உள்ளே போய்விடும். தண்ணீர் நிறைந்து நிற்கிற மணலிலும் அதே கதிதான். இரண்டுக்கும் நடுவே, துகள்களின் இடுக்கில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கிற பட்டையில், அந்த நீர்ப்படலமே துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. துகள் நைசாக இருக்க இருக்க பிடிப்பு இறுகும். செருப்புக் குதிகாலால் குத்திப் பார்த்தேன், லேசாகத் தடம் விழுந்தது, அவ்வளவுதான். கடல் இந்த ரோட்டை ஒரு நாளில் இரண்டு முறை போட்டுத் தருகிறது, இரண்டு முறை எடுத்துக்கொள்கிறது.

டேடோனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பந்தய மைதானத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கென்னவோ, இந்தப் பட்டை மணலை யார், எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்று நடந்த இழுபறிதான் ஊரின் சரித்திரம் என்று தோன்றுகிறது.

ஊர் 1870களில் உருவானது. ஒஹாயோவிலிருந்து வந்த மத்தாயஸ் டே என்பவர் இடம் வாங்கி ஆரம்பித்தார். கையில் பணம் தீர்ந்துபோய் இடத்தை இழந்தார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்புறம் ரயில் வந்தது. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் பங்காளியான ஹென்றி ஃப்ளாக்லர், ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரை நெடுகத் தண்டவாளமும் ஓட்டல்களுமாகக் கட்டிக்கொண்டே போனவர். டேடோனாவுக்குப் பக்கத்து ஊரான ஆர்மண்டில் இருந்த ஓட்டலை 1890இல் வாங்கினார். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் பணக்காரர்கள் இங்கே வந்து தங்கினார்கள். ஃப்ளாக்லரின் பழைய பங்காளி ராக்ஃபெல்லரே கடைசிக் காலத்தில் குளிருக்கு ஆர்மண்டில் வீடு வாங்கி இருந்து, 1937இல் அங்கேயே இறந்தார்.

அந்தப் பணக்காரர்களிடம் அப்போது புதிதாகக் கார் இருந்தது, ஓட்ட நல்ல ரோடு இல்லை. ஊருக்குள் எங்கும் மண் பாதை, பள்ளம், சேறு. கடற்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் நேராக, வழவழவென்று மணல். 1903இல் அங்கே முறையான பந்தயம் தொடங்கியது. ஓட்டல்காரருக்கு அறை நிரம்ப வேண்டும், கார் செய்கிறவருக்குப் பேப்பரில் பெயர் வர வேண்டும். சுற்றுலாவும் மோட்டார் பந்தயமும் இந்த ஊரில் ஒரே கல்லாவில்தான் காசு போட்டன. பந்தயக் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்க ஃப்ளாக்லர் ஒரு பெரிய கராஜே கட்டிக்கொடுத்தார். அது 1976இல் எரிந்துபோயிற்று என்று கேட்டபோது எனக்கு ஓட்டல்களைவிட அதைப் பார்க்க முடியாமல் போனதே வருத்தமாக இருந்தது.

1906இல் ஸ்டான்லி கம்பெனியின் நீராவிக் கார் ஒன்று மணிக்கு 205 கிலோமீட்டர் போனது. ஓட்டியவர் ஃப்ரெட் மேரியட். பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, கொதிகலனும் நீராவியும் மட்டும். நீராவிக் கார்களில் அந்தச் சாதனையை அதிகாரபூர்வமாக முறியடிக்க 2009 வரை ஆயிற்று. 1907இல் இன்னும் வேகமாகப் போகப் பார்த்து, மணலில் ஒரு மேட்டில் ஏறிக் கார் பறந்து சுக்குநூறானது. மேரியட் பிழைத்துக்கொண்டார்.

1920களில் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1927 மார்ச் 29 அன்று ஹென்றி சீக்ரேவ், விமான எஞ்சின்கள் இரண்டைப் பூட்டிய சன்பீம் காரில் மணிக்கு 200 மைலைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். ஒரு தடவை ஓடினால் சாதனை ஆகாது. காற்று ஒரு பக்கமாக உதவியிருக்கும் என்பதால், அளந்து வைத்த ஒரு மைலை எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுப்பார்கள். அப்படி ஓடும்போது பிரேக் சரியாகப் பிடிக்காமல், சீக்ரேவ் காரைக் கரையோரத் தண்ணீருக்குள் திருப்பி வேகத்தைக் குறைத்தார் என்பார்கள். கடலைப் பிரேக்காகப் பயன்படுத்தியவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1928இல் ஃப்ராங்க் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க இளைஞர் இங்கே இறந்தார். அடுத்த வருஷம் லீ பைபிள் என்பவர் இறந்தார். அவருடைய கார் புரண்டதில் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவரும் மாண்டார். மணல் கெட்டிதான், சமதளம் இல்லை. அலை விட்டுப்போகும் சிறு வரிகள் மெதுவாகப் போகிறவனுக்குத் தெரியாது. 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றும் ஒரு உதை. கேம்ப்பெல் 1935 மார்ச்சோடு இந்த ஊருக்கு முழுக்குப் போட்டார். அதே வருஷம் செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்பு வெளியில் 300 மைலைத் தாண்டினார். அங்கே அலை கிடையாது, நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். சாதனைக் கார்கள் திரும்பி வரவில்லை.

ஊர்க்காரர்களுக்குக் கை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பிப்ரவரி மார்ச்சில் அறைகளை எதைக் காட்டி நிரப்புவது? 1936இல் நகரசபையே ஒரு பந்தயம் நடத்தியது. கடையில் வாங்குகிற சாதாரணக் கார்கள். பாதித் தூரம் கடல் மணலில் வடக்கே, பாதித் தூரம் அதை ஒட்டிய தார் ரோட்டில் தெற்கே, ஒரு சுற்று 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முனையிலும் மணலில்தான் திரும்ப வேண்டும். நேராக ஓடக் கெட்டியாக இருந்த மணல், இத்தனை கார் திரும்பினால் என்ன ஆகும்? உழுத வயல் ஆயிற்று. கார்கள் வரிசையாகச் சிக்கி நின்றன, ஒன்றின்மேல் ஒன்று மோதின, 250 மைல் முடியுமுன்பே பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நகரசபைக்குச் சுமார் 22,000 டாலர் நஷ்டம்.

அந்தக் குழப்பத்தில் ஐந்தாவதாக வந்த ஒரு மெக்கானிக்தான் பில் ஃப்ரான்ஸ். வாஷிங்டனிலிருந்து மனைவி, குழந்தையோடு தெற்கே போகும் வழியில் இங்கே தங்கிவிட்டவர். கார் பழுதாகி நின்றதால் தங்கினார் என்றொரு கதை உண்டு. நான் நம்பவில்லை. மெக்கானிக்குக் கார் நின்றால் ஒரு மணி நேரத்தில் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். ஊர் பிடித்திருந்தது, தங்கிவிட்டார். 1938இல் பந்தயத்தைத் தானே எடுத்து நடத்த ஆரம்பித்தார். கடற்கரையில் நடக்கிற பந்தயத்துக்கு எப்படி டிக்கெட் வசூலிப்பது? மணல்மேட்டுப் புதர் வழியாகக் காசு கொடுக்காமல் நுழைகிறவர்களைத் தடுக்க, "பாம்பு ஜாக்கிரதை" என்று பலகை நட்டாராம். அட்டவணையைக் கடல்தான் போடும். ஓதம் ஏறுமுன் பந்தயம் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிச் சுற்று தண்ணீருக்குள்.

அந்தக் காலப் பந்தயக்காரர்கள் பலர் ஜார்ஜியா, கரோலினா மலைப்பக்கத்துப் பையன்கள். திருட்டுச் சாராயம் ஏற்றிக்கொண்டு இரவில் போலீஸுக்குத் தப்பி ஓட்டிப் பழகியவர்கள். வெளியே பார்த்தால் சாதாரண ஃபோர்டு, பானட்டைத் திறந்தால் வேறு சமாசாரம். பந்தயம் நடத்துகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பரிசுப் பணத்தோடு ஓடிப்போவது சகஜம். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 1947 டிசம்பரில் ஃப்ரான்ஸ் ஒரு கூட்டம் கூட்டினார். இடம் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலின் மொட்டைமாடி மதுக்கூடம். அங்கே பிறந்ததுதான் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு. கடற்கரைச் சாலையில் அந்த ஓட்டல் இன்றும் இருக்கிறது. நாஸ்காரின் தலைமை அலுவலகமும் இந்த ஊரில்தான். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2010இல் அந்த அமைப்பின் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டி, ரசிகர்கள் ஓட்டெடுப்பில் அவ்வருஷத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்வானார். கோயம்புத்தூரில் அதைப் பற்றி அப்போது அதிகம் பேசவில்லை. எஃப்1 என்றால்தான் நமக்குக் காது கேட்கும்.

ஊர் வளர வளரக் கடற்கரையில் ஓட்டல்கள் முளைத்தன, பந்தயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மணலில் நாஸ்காரின் கடைசிப் பந்தயம் 1958இல் நடந்தது. மறு வருஷம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, விமான நிலையத்தை ஒட்டி டேடோனா இண்டர்நேஷனல் ஸ்பீட்வே திறந்தது. ஒரு சுற்று இரண்டரை மைல். வளைவுகள் 31 டிகிரி சாய்வு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதை ரோடு என்று மனசு ஒப்பாது, சுவர் என்றுதான் நினைக்கும். அவ்வளவு மண்ணுக்கு மைதானத்தின் நடுவிலேயே தோண்டினார்கள், அந்தக் குழி இப்போது ஏரி. தார் போடும் இயந்திரம் சரிந்து விழாமலிருக்க, மேலே புல்டோசரை நிறுத்திக் கம்பி வடத்தில் கட்டித் தொங்கவிட்டு வேலை செய்தார்களாம். சாய்வு எதற்கென்றால், தட்டையான வளைவில் கார் வெளிப்பக்கம் வழுக்கப் பார்க்கும், டயர் மட்டுமே அதைப் பிடிக்க வேண்டும். சாய்வான வளைவில் ரோடே காரைத் தாங்கித் திருப்பிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே திரும்பலாம்.

அதுவே தொல்லையும் ஆயிற்று. வேகம் கட்டுக்கடங்காமல் போகவே, 1988 முதல் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்க, துளையிட்ட ஒரு தகட்டைக் கார்புரேட்டருக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்ட ராப்பகலாக வேலை பார்ப்பான் மெக்கானிக். கடைசியில் அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறார்கள். எல்லாக் காருக்கும் ஒரே மூச்சு என்பதால் யாரும் யாரையும் தனியாக முந்த முடியாது. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொடுக்கும், பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குச் சுமை குறையும். கூட்டுச் சேர்ந்தால்தான் முன்னேறலாம். முப்பது, நாற்பது கார் பம்பரோடு பம்பர் ஒட்டி 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒன்று தடுமாறினால் பத்து இருபது சேர்ந்து போகும்.

1959இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தில் லீ பெட்டியும் ஜானி போஷாம்ப்பும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினார்கள். போஷாம்ப்புக்கு மாலை போட்டாயிற்று. புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் தேடிப் பார்த்து, மூன்று நாள் கழித்து பெட்டிதான் ஜெயித்தார் என்றார்கள். அவர் மகன் ரிச்சர்டு பெட்டி அப்புறம் இதே பந்தயத்தை ஏழு முறை ஜெயித்தார். 2001 பிப்ரவரி 18 அன்று, அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் டேல் எர்ன்ஹார்ட் என்ற ஓட்டுநர் சுவரில் மோதி இறந்தார். பார்க்க அப்படியொன்றும் பெரிய மோதல் இல்லை. மண்டையோட்டின் அடியில் முறிவு. தலையையும் கழுத்தையும் பிடித்துவைக்கும் சாதனம் அப்போதே இருந்தது, கட்டாயமில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் கட்டாயமாக்கினார்கள்.

பந்தயக் கதை அத்தோடு இருக்கட்டும். மணலுக்கு வருகிறேன்.

ஃப்ளாக்லரின் ரயில் பாதையில் வேலை செய்ய வந்த கறுப்பினத் தொழிலாளர்கள், ஊருக்குள் ஓடும் ஆற்றுக்கு மேற்கே குடியிருந்தார்கள். கடற்கரை ஆற்றுக்குக் கிழக்கே. ஓட்டலில் துணி துவைக்க, சமைக்க அங்கே போகலாம், இருட்டிய பிறகு அங்கே இருக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. அந்தத் தொழிலாளர்களின் பெண்குழந்தைகளுக்காக 1904இல் மேரி மெக்லியோடு பெத்யூன் என்ற கறுப்பின ஆசிரியை பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். கையில் ஒன்றரை டாலர், ஐந்து சிறுமிகள், தன் மகன். பெட்டிப் பலகை மேஜையானது, கரிந்த குச்சி பென்சிலானது, எல்டர்பெர்ரிப் பழச்சாறு மையானது. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் சுட்டு விற்றுக் காசு சேர்த்தார். குப்பை கொட்டுகிற சதுப்பு நிலத்தை வாங்கினார். பிறகு அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பணக்காரர்கள் தங்கும் ஓட்டல்களுக்கே போய்ப் பாட வைத்து நன்கொடை கேட்டார். சோப்புக் கம்பெனிக்காரர் ஜேம்ஸ் கேம்பிள் போன்ற குளிர்கால விருந்தாளிகள் கொடுத்தார்கள். கார் பந்தயம் பார்க்க வந்த அதே கூட்டத்தின் பணம்தான். அந்தப் பள்ளி இன்று பெத்யூன் குக்மன் பல்கலைக்கழகம்.

அவ்வளவு பெரிய மனுஷியாகி, வெள்ளை மாளிகை வரை செல்வாக்கு வந்த பிறகும், தன் ஊர்க் கடற்கரையில் தன் மாணவிகளைக் குளிக்கவைக்க முடியவில்லை. 1940களில் வேறு சிலரோடு கூட்டுச் சேர்ந்து, தெற்கே தள்ளி ஒரு நீளமான கடற்கரையையே விலைக்கு வாங்கினார். அதற்கு பெத்யூன் பீச் என்று பெயர். 1946 மார்ச்சில், வேறு ஊர்கள் விரட்டிய கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை டேடோனா மட்டும் வெள்ளையர்களோடு ஆட விட்டது. ஆற்றுத் தீவிலிருக்கும் அந்த மைதானத்துக்கு இப்போது அவர் பெயர். மைதானத்தில் ஆடலாம், மணலில் கால் நனைக்கக் கூடாது என்ற நிலை அப்போதும் மாறவில்லை. 2022இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் சார்பாக வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் பெத்யூனின் பளிங்குச் சிலையை வைத்தார்கள். முன்பு அந்த இடத்தில் நின்றது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி ஒருவரின் சிலை.

கடைசியாக மணலுக்கு உரிமை கேட்டு வந்தவை ஆமைகள். நிஜமாகவே 1995இல் தொடுத்த வழக்கில் வாதிகளின் பட்டியலில் பெருந்தலைக் கடலாமையின் பெயரும் இருந்தது, பிரதிவாதி மாவட்ட நிர்வாகம். கோடை இரவுகளில் பெண் ஆமை கரையேறி முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். இயற்கையில் இரவில் கடல்தான் வெளிச்சம். இங்கே கார் விளக்கும் ஓட்டல் விளக்கும். டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்தால் அவற்றால் ஏறிவர முடியாது. நீதிமன்றம் முட்டையிடும் பருவத்தில் இரவு நேரக் கார்களைத் தடுத்தது. இப்போது மணல்மேட்டை ஒட்டி வரிசையாகக் கம்பம் நட்டு, அதற்கு அப்பால் வண்டி போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பருவ காலத்தில் விடியற்காலை ஆள் போய் முட்டைத் தடம் பார்த்துக் குறித்துவிட்டு வந்த பிறகுதான் சாவடியைத் திறக்கிறார்கள்.

   

இப்போது கடலே மணலைக் கேட்கிறது. 2022 செப்டம்பரில் இயான் புயல், நவம்பரில் நிக்கோல். இரண்டும் சேர்ந்து மணலை வாரிக்கொண்டு போனதில், தெற்கே கடலோர வீடுகள் சரிந்து விழுந்தன, அடுக்குமாடிகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். வீட்டைக் காக்கக் கட்டிய தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவரடி மணலைத்தான் முதலில் தோண்டுகிறது. லாரி லாரியாக மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

போகிறவர்கள் முதலில் ஓத நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் ஏறியிருந்தால் சாவடியில் விட மாட்டார்கள். பந்தயம்தான் வேண்டுமென்றால் பிப்ரவரி, கடல்தான் வேண்டுமென்றால் பந்தயம் இல்லாத வாரம், அறை வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்கும். மணலில் நிறுத்தும்போது அலைக்கோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். அன்றைக்கே காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவிவிட வேண்டும், பிரேக் பைப்பிலும் சைலன்சரிலும்தான் உப்பு முதலில் கைவைக்கும். மாப்பிள்ளை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். நான் வீட்டுக்குப் போகவிடவில்லை.